அரிசி தின்றால் மழை

பிறைக்குடியில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், சோறுதான் வேகாது. நிலவுக்குப் புதிதாக வந்து இறங்குகிறவர்கள் முதலில் இதை நம்பமாட்டார்கள். அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் தண்ணீர் தளதளவென்று பொங்கும். அட, இங்கே சமையல் இவ்வளவு சுலபமா என்று பருப்பை அள்ளிப் போடுவார்கள். மதியம் ஆகும், சாயங்காலம் ஆகும், பருப்பு போட்டது போட்டபடி முழித்துக்கொண்டு கிடக்கும். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "குக்கர் கொண்டாரலையா?" என்று கேட்பாள்.

நெல்லைத் தெருவில் குக்கர் இல்லாத வீடு கிடையாது. தரைக்கடியில் குடைந்த அந்த ஊரில் தெரு என்றால் ஒரு நீளக் குழாய்தான். இரண்டு பக்கமும் வீடுகள், நடுவே நடைபாதை, மேலே வளைந்த உலோகக் கூரை. காலையில் வேலைமணி அடிப்பதற்கு முன்பே குழாயின் ஒரு கோடியில் ஒரு விசில் கிளம்பும். அதற்குப் பதில் சொல்வதுபோல மறுகோடியில் இன்னொன்று. பிறகு வீட்டுக்கு வீடு. மற்றத் தெருக்காரர்கள் பொதுச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், திறந்த அண்டாக்களில் அரைநாள் கொதித்த கஞ்சியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். நெல்லைத் தெருக்காரர்களுக்கு அந்தக் கஞ்சி இறங்காது. "லேசாக் கசக்கு. அவனுவளுக்குச் சமைக்கத் தெரியல" என்பார்கள். அவர்களுக்கு வீட்டுச் சோறு வேண்டும், அதுவும் குழைந்திருக்க வேண்டும்.

அன்று காலை செண்பகவல்லி வேலைக்குக் கிளம்பியவள், வழக்கம்போலப் பக்கத்தில் தம்பி வீட்டுக்குள் நுழைந்தாள். தெரு முழுவதுக்கும் அவள் செம்பகம். நாற்பதைத் தாண்டியவள், தனி ஆள், கல்யாணப் பேச்சை எப்போதோ சிரித்தே துரத்திவிட்டவள். கொஞ்ச நாளாக அவளுக்கு முழங்காலில் ஒரு வலி. பூமியில் சுமந்த பாரத்தில் ஆறில் ஒரு பங்குதான் இங்கே. அதற்கே வலிக்கிறதே என்று தன்னையே கேலி செய்துகொண்டு நடப்பாள்.

தம்பி மாசானம் அடுப்பின் முன்னால் நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

"மூணு... நாலு..."

"என்னல, கோயில் மணியா எண்ணுத?"

"பேசாத அக்கா, கணக்கு விட்டுரும்." கடைசி விசில் வந்ததும் அடுப்பை அணைத்தான். "அஞ்சு. முன்னால மூணுதான் வைப்பேன். இப்ப பிள்ளத்தாச்சிக்கு நல்லாக் குழையணும்லா? நெஞ்சுல நிக்கப்படாது."

அவன் கட்டைவிரலில் ஒரு கொப்புளம் பளபளத்தது. குக்கர் ஆவி அடித்த இடம். "அது கெடக்கு" என்றான், அவள் கேட்பதற்கு முன்பே.

உள்ளே அவன் மனைவி வடிவு கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஐந்தாம் மாதம். நாத்தனாரைக் கண்டதும் அசைந்துகொண்டிருந்த வாய் சட்டென்று நின்றது.

"என்னட்டி மெல்லுத?"

"ஒண்ணுமில்ல மதினி."

"ஒண்ணுமில்லாததையா அந்த அரை அரைச்ச? வாயத் தொற."

வடிவு திறந்தாள். நாக்கில் வெள்ளை வெள்ளையாய் அரிசி நொறுங்கிக் கிடந்தது. தலையணைக்குப் பின்னால் டப்பா. அதில் பாதி காலி.

"அடிப்பாவி! அரிசி தின்னா கல்யாணத்துல மழை கொட்டும்னு உங்கம்மை சொல்லலையா?"

"கல்யாணந்தான் முடிஞ்சுட்டே மதினி. பொறவு, இந்த ஊர்ல மழைக்கு எங்க போக?"

மாசானம் அடுப்படியிலிருந்து சிரித்தான். செம்பகத்துக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. "வேகாத அரிசி கசக்குமே, எப்படித் திங்க?"

"அந்தக் கசப்புக்குத்தான் மதினி நாக்கு ஏங்குது. அந்த மணியாப் பாத்துப் பொறுக்கித் திங்கேன்."

அவள் சொன்ன மணி சத்து மணி. பாரம் சுமக்காத எலும்பு, வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறவனைப்போல, நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். அதைத் தடுக்க ஓர் உயிர்ச்சத்து கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. நெல்லைத் தெருக்காரர்கள் 'ஊன்று' என்றார்கள். வேம்பைத் தோற்கடிக்கும் கசப்பு. மாத்திரையாக ஒரே விழுங்கில் கொடுத்தால் சிறுநீரகம் தாங்காது. வேளைக்குத் துளியாகச் சோற்றோடு உள்ளே போனால்தான் எலும்பு வாங்கிக்கொள்ளும். அதனால் ஊன்றுத் தூளை அரிசி மாவில் பிசைந்து, அரிசி மணி போலவே வார்த்து, ஊருக்கு வருகிற அரிசியில் கலந்துவிடுவார்கள். அந்தத் தூளை உலர்த்துகிற சத்துச்சாலைக் கோபுரம் செம்பகத்தின் பொறுப்பு. அதனால்தானோ என்னவோ, சத்து மணியைத் தன் தம்பி பெண்டாட்டி மகராசியாகப் பொறுக்கித் தின்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சோகை பிடிச்சிரும். இனிமே அரிசி கெடையாது. வெந்த சோத்தத் தின்னு" என்று டப்பாவை அடைத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அவளுக்கு வடிவின்மேல் உயிர். உயிராக இருக்கிறவர்கள்தான் இப்படி டப்பாவைப் பிடுங்குவார்கள்.

அடுத்த மாதம் டாக்டர் ஞானசெல்வி வடிவின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"போன தடவை நல்லா இருந்துச்சேம்மா. இப்ப ஏன் இப்படி விழுந்திருக்கு? வாந்தி எடுக்கியா?"

"அதெல்லாம் நின்னுட்டு டாக்டர்."

"சாப்பிடுதியா?"

"நல்லாச் சாப்பிடுதேன்."

டாக்டர் அளவை இன்னொரு தடவை சரிபார்த்தார். இந்தப் பரிசோதனைக்கு வேண்டிய மருந்துச் சரக்கு பூமியிலிருந்து துளித் துளியாகத்தான் வந்தது. அதனால் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மட்டுமே ஊன்று அளவு பார்ப்பார்கள். அந்த நேரம் ஊரில் வேறு பிள்ளைத்தாய்ச்சி கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை.

"நான் மறைக்க விரும்பல" என்றார். "ஊன்று இன்னும் இறங்குச்சுன்னா பிள்ளைக்கு எலும்பு சரியாக் கூடி வராது. அடுத்த கப்பல் வர்றதுக்குள்ள ஏறணும். ஏறலைன்னா உன்னைப் பூமிக்கு அனுப்பத்தான் வேணும். அங்க பாரமே மருந்து."

"இவியளும் வருவாவளா?"

மாசானம் தலையைக் குனிந்துகொண்டான். ஊரின் காற்றழுத்தத்தைக் கவனிக்கிற வேலை அவனுடையது. மாற்று ஆள் கிடையாது. கீழே போய்ப் பிள்ளை பெற்றவர்கள், பிள்ளைக்குப் பள்ளிக்கூட வயது வருகிறவரை மேலே திரும்ப முடியாது என்பதும் சட்டம். அப்பன் முகத்தைத் திரையில் மட்டும் பார்த்து வளர்கிற பிள்ளை. வடிவு, மாசானத்தின் கொப்புளம் ஆறின கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

ஒரு குழாய்க்குள் இருக்கிற ஊரில் செய்தி எவ்வளவு நேரம் நிற்கும்? மறுநாளே எதிர்வீட்டு உச்சிமாகாளி அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஒடம்பு வச்சிரும்னு பயந்து திங்காம இருக்காளோ என்னமோ" என்றாள். கெட்டவள் இல்லை, வாய்தான் அப்படி. வேறொருத்தி, "சோத்தப் பொட்டலங்கட்டிக் கழிவுக்குழாயில போடுதாளாம்" என்றாள். யாரும் பார்த்ததில்லை. ஆனால் எல்லாரும் ஒரே சோற்றைத்தான் தின்கிறார்கள், ஒருத்திக்கு மட்டும் சத்து இறங்கியிருக்கிறது என்றால் வேறென்ன நினைக்க?

மாசானத்துக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, சரக்கு சரியாத்தான் இருக்கா?" என்று கேட்டு, அவளோடு சத்துச்சாலைக்கே வந்துவிட்டான்.

சத்துச்சாலை மேலாளர் செய்யது மீரான் காயல்பட்டினத்துக்காரர். யார் என்ன கேட்டாலும் முதலில் உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பார். பிறைக்குடியில் தேநீரை ஆற்றவேண்டாம். இறக்கினதும் இரண்டு ஊது ஊதி வாயில் வைக்கலாம். மாசானம் ஒரே மடக்கில் குடித்தான்.

"கேளு தம்பி" என்றார் மீரான். "முன்னால இங்க படிகத் தொட்டிதான் இருந்துச்சு. ஊன்றுச் சாறை மெதுவா, மெதுவா ஆறவிடுவோம். மணி மணியா உறையும். பந்தியில இலை போட்டு உக்காந்த மாதிரி, ஒவ்வொண்ணும் அது அது இடத்துல. ஆனா நாள் பிடிக்கும். ஊர்ல ஆள் கூடிப்போச்சு, கூடுன வாய்க்குத் தொட்டி காணல. அதான் கோபுரம். சாறைப் பனி மாதிரி தெளிப்போம், சூட்டுக் காத்துல கீழ வந்து விழுறதுக்குள்ள தூளாயிரும்."

"ரெண்டும் ஒண்ணுதானா?"

"சரக்கு ஒண்ணுதான்" என்றாள் செம்பகம். "இருப்புதான் வேற. இது தேர் பாக்க வந்த கூட்டம். நின்னவன் நின்னபடி, தொங்குனவன் தொங்குனபடி அப்படியே உறைஞ்சிருக்கும்."

"சூடு பட்டா?"

"பந்தி அசையாது. தேர்க்கூட்டம் கொஞ்சம் நெளியும். மிஞ்சிப்போனா சிதறிரும். அதுக்குத்தான் கொதிநீர்ச் சோதனை வச்சிருக்கோம். பாக்கியா?"

பூமியிலிருந்து வந்த விதி அது. சத்து மணியைக் கொதிக்கும் தண்ணீரில் சோறு வேகிற நேரம் போட்டு, எடுத்து, எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். செம்பகம் அவன் கண்முன்னாலேயே செய்துகாட்டினாள். தண்ணீர் கொதித்தது. மணி குதித்தது. கருவி பச்சை விளக்குக் காட்டியது. ஊன்று முழுசாக இருந்தது.

மீரான் மாசானத்தின் தோளில் கைவைத்தார். "சரக்குல குத்தம் இல்ல தம்பி. வீட்டுல மெதுவா கேட்டுப்பாரு."

மாசானம் வீட்டுக்குப் போய்க் கேட்டான். மெதுவாகக் கேட்கத்தான் நினைத்தான். ஆனால் குரல் அவன் சொன்னபடி கேட்கவில்லை.

செம்பகம் சாயங்காலம் வந்தபோது, கிண்ணம் நிறையக் குழைந்த சோறு தொடாமல் இருந்தது. வடிவு ஒரு மூலை, மாசானம் ஒரு மூலை.

"நான் இவளுக்குன்னு அஞ்சு விசில் வச்சுக் குழையக் குழையக் குடுக்கேன் அக்கா. அதத் திங்காம..."

"நான் தின்னேன்!" வடிவு எழுந்து உட்கார்ந்தாள். இதுவரை அவள் குரல் அந்த வீட்டில் அவ்வளவு உயர்ந்ததில்லை. "ஒரு பருக்கை விடாமத் தின்னேன். மதினி, நீங்களாச்சும் கேளுங்க. நீங்க அரிசி டப்பாவப் பிடுங்கிட்டுப் போன பொறவுதான் எனக்கு இப்படி ஆச்சு. இவிய சோத்துல ஒண்ணுமே இல்ல. அந்தக் கசப்பே இல்ல. கூடத்துக் கஞ்சியிலகூட அது இருக்கு!"

செம்பகத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. டப்பா கிடைப்பதற்காக என்னவெல்லாம் பேசுகிறாள் என்று. சிரித்த வாய் பாதியில் நின்றது.

கூடத்துக் கஞ்சி கசக்கும். அவனுவளுக்குச் சமைக்கத் தெரியாது. அப்படித்தானே இத்தனை நாளாகத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தோம்?

கிண்ணத்திலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். வெண்ணெயாகக் கரைந்தது. இனித்தது. கசப்பு மருந்துக்கும் இல்லை.

"மாசானம்" என்றாள். "இங்க தண்ணி எத்தன டிகிரியில கொதிக்கும்?"

"எண்பது சொச்சம்" என்றான் அவன் சிடுசிடுப்பாக. "காத்துப் பாதிதானே வச்சிருக்கோம். பூமி மாதிரி முழுசா வச்சா சுவரு தாங்காது. காத்தோட பாரம் கொறஞ்சா தண்ணி சீக்கிரம் துள்ளிரும். அதுக்கென்ன இப்ப?"

"குக்கருக்குள்ள?"

"குக்கருக்குள்ள விசில் குண்டு அமுக்கிப் பிடிக்கும்லா. அங்க நூறத் தாண்டும். நூத்திப்பத்துகூட..."

அவனும் நின்றுவிட்டான். கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தான். பொங்கின தேநீரை இரண்டு ஊது ஊதி வாயில் வைக்கிற ஊரில், அந்த விரல் எப்படிக் கொப்புளித்தது?

"நாங்க கொதிக்கிற தண்ணினு சொல்லிச் சோதிக்கது எண்பதுல" என்றாள் செம்பகம் மெல்ல. "நீ அவளுக்கு வேக வச்சுக் குடுக்கது நூத்திப்பத்துல."

காற்றைத் தெரிந்தவன் அவன். சத்தைத் தெரிந்தவள் அவள். இருவரும் ஒரே அடுப்பின் முன்னால் எத்தனை முறை நின்றிருப்பார்கள்! கொதி என்று ஒரே சொல்லை இரண்டு பேரும் சொன்னார்கள், இரண்டு சூட்டுக்கு.

"அப்போ நானாக்கா..." மாசானம் திரும்பிக் குக்கரைப் பார்த்தான். "கூட ரெண்டு விசில் வச்சேனே. பிள்ளத்தாச்சின்னு."

வடிவு எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "குழைய வேகணும்னுதானே வச்சிய. யாரு வைப்பா அப்படி?" என்றாள். பிறகு, சும்மா விடவும் மனசில்லாமல், "கழிவுக்குழாயில போட்டேனான்னு கேட்டியள்லா, அதுக்கு வட்டி வாங்காம விடமாட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை செம்பகம் மூன்று கிண்ணங்களோடு மீரானின் மேசைக்கு முன்னால் நின்றாள். பிடுங்கி வைத்திருந்த டப்பா அரிசி ஒன்று, கூடத்துக் கஞ்சி ஒன்று, மாசானத்தின் சோறு ஒன்று. டப்பா அரிசியில் ஊன்று முழுசாக இருந்தது. கஞ்சியில் ஏறக்குறைய அப்படியே. சோற்றில் கருவி தேடித் தேடிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது.

மீரான் அன்று தேநீர் கொடுக்க மறந்துவிட்டார்.

"பூமி விதியை அப்படியே எடுத்துக்கிட்டோம்" என்றார் கடைசியில். "'கொதிக்கும் நீரில்'னு போட்டிருந்துச்சு. கொதிக்கத்தானே செஞ்சுச்சுன்னு..." எழுந்து கோபுரத்தைப் பார்த்தார். "இப்படிச் செய்வோமா செம்பகம்? அந்தப் பொண்ணுக்கு மட்டும் கூடத்துலேர்ந்து கஞ்சி அனுப்பச் சொல்லுதேன். அவ தேறிருவா. கோபுரத்தப் பத்தி மெதுவா யோசிப்போம். இத இப்ப வெளிய சொன்னா ஊரே பதறும்."

"அண்ணே, தெருவுல எல்லார் வீட்டுலயும் குக்கர்தான்."

"மத்தவங்க நல்லாத்தானே நடமாடுறாங்க?"

"அவியளுக்கு யாரு ரத்தம் பாத்தா?"

செம்பகம் முழங்காலைத் தடவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மீரான் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பேசியை எடுத்து டாக்டர் ஞானசெல்வியைக் கூப்பிட்டார். "டாக்டர், இருக்கிற சரக்கு பூராவும் தீந்தாலும் சரி. நெல்லைத் தெரு மொத்தத்துக்கும் பாக்கணும். நான் பொறுப்பு."

தெருவே வரிசையில் நின்று கையை நீட்டியது. உச்சிமாகாளி அக்கா ஊசியைப் பார்த்து மயங்கி, மாசானத்தின்மேல் சாய்ந்து, அவனையும் கீழே தள்ளினாள். முடிவு சொல்ல டாக்டர் தெருவுக்கே வந்தார். நடைபாதையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். வடிவு வாசலில் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் தாளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"உங்க எல்லாருக்கும் இறங்கியிருக்கு" என்றார். "பிள்ளை குட்டி முதற்கொண்டு. பயப்படாதீங்க, ஏத்திரலாம். இந்தத் தெருவுல ஒருத்திக்குத்தான் ஊன்று மத்தவங்களைவிடக் கூட இருக்கு." வடிவைக் கைகாட்டினார். "சட்டப்படி யாரையாவது கப்பல்ல ஏத்தணும்னா, இந்தப் பொண்ண மட்டும் இங்க விட்டுட்டு மத்த அத்தன பேரையும் ஏத்தணும்."

உச்சிமாகாளி அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஆத்தா, அப்படி என்னத்தத் தின்ன நீ?"

"அரிசி" என்றாள் வடிவு. "மதினி பிடுங்குற வரைக்கும்."

கூட்டத்தின் கண் மொத்தமும் செம்பகத்தின்மேல் திரும்பியது. டாக்டர் தாளின் அடியைச் சுட்டினார். "எல்லாரையும்விடக் குறைச்சல் யாருக்குன்னு கேட்கலையே? செம்பகத்துக்கு. ஊருக்கே ஊன்று செய்யற கை. முழங்கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னதுண்டா? மருந்துன்னு நெனச்சு, தெனம் ஒரு பிடி அரிசி மெல்லணும். வேகாதது."

வடிவு அன்றைக்குச் சிரித்த சிரிப்பு தெருவின் மறுகோடிவரை கேட்டது.

அதற்குப் பிறகு நடந்தது கொஞ்சம் கஷ்டமான காலம்தான், ஆனால் நெல்லைத் தெருக்காரர்கள் அதை இன்றைக்கும் திருவிழாக் காலம்போலத்தான் சொல்கிறார்கள். எல்லா வீட்டு விசில் குண்டுகளையும் செம்பகம் ஒரு வாளியில் வாங்கிக்கொண்டாள். கொடுக்க மனசில்லாமல் ஒருவர் குண்டைச் சட்டைப்பையில் ஒளித்துவைத்தார். அவர் மனைவியே எடுத்து வாளியில் போட்டாள். தெரு காலையில் மௌனமாக விழித்தது. வீட்டுக்கு வீடு திறந்த பானை. அரிசியை முந்தின நாளே ஊறப்போட்டு, விடிந்ததிலிருந்து கொதிக்கவிட்டு, மத்தியானத்துக்கு ஒருவழியாகச் சோறு என்று ஒன்று கிடைக்கும். நடுவில் சின்னதாக ஓர் அரிசி இருக்கும், லேசாகக் கசக்கும். முதல் கவளம் வாயில் வைத்ததும் ஒருவரை ஒருவர் பார்த்து, "கசக்கு, கசக்கு" என்று சந்தோஷப்பட்டுக்கொள்வார்கள்.

சத்துச்சாலையில் மீரான் பழைய படிகத் தொட்டிகளைத் தூசி தட்டினார். நிலவில் மணி சட்டென்று அடியில் போய்த் தங்காது. சாற்றுக்குள் மிதந்துகொண்டே நிதானமாக வளரும். செம்பகம் அவற்றைப் பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டாள். கூடத்து அண்டாக்களுக்குக் கோபுரத் தூள், குக்கர் வீடுகளுக்குப் படிகம் என்று பிரித்துவிட்டால் இரண்டும் எல்லாருக்கும் போதும் என்று ஒரு கணக்குப் போட்டார்கள். கொதிநீர்ச் சோதனைக்கு நன்றி சொல்லி ஓய்வு கொடுத்துவிட்டு, சோதனைக்கூடத்தில் ஒரு குக்கரை வைத்தார்கள். இனிமேல் ஐந்து விசில் தாங்கினால்தான் சரக்கு வாசலைத் தாண்டும்.

கப்பல் வந்தது. வடிவின் ஊன்று அதற்குள் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. கப்பல் அவள் இல்லாமலே போனது.

மாசானத்துக்குத்தான் ஒரு குறை. "அக்கா, ஈரம் ஏறிக்கிட்டே போகுது. தெரு பூரா பானையத் தொறந்து வச்சா, ஆவி எங்க போகும்? உறிஞ்சுத மிஷினு பாவம், திணறுது."

"போடா, வெறுங்காத்து. அது எங்கயாச்சும் போகும்."

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு வைத்தார்கள். நடைபாதையின் நடுவில் மனை போட்டு வடிவை உட்காரவைத்தார்கள். கண்ணாடி வளையல் பூமியிலிருந்து வருமா என்ன, மீரான் பழைய சோதனைக் குழாய்களை அறுத்து, உருக்கி, வளைத்துக் கொண்டுவந்திருந்தார். அதில் எப்படியோ லேசான நீலம் வந்திருந்தது. கலந்த சாதம் ஐந்து வகை. படிக மணி இன்னும் வந்துசேரவில்லை, அதனால் முந்தின நாள் தொடங்கித் தெருவில் ஓர் அடுப்பும் அணையவில்லை. புளியும் எலுமிச்சையும் தேங்காயும் மணக்க, சூட்டில் எல்லார் நெற்றியிலும் வேர்வை.

செம்பகம் கடைசி வளையலைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் சந்தனம் பூசினாள். அப்போதுதான் அது வடிவின் மூக்கின்மேல் விழுந்தது.

ஒரு துளி. சுண்டைக்காய்ப் பருமன். பூமித் துளிபோலச் சட்டென்று விழவில்லை. பார்த்துப் பார்த்து, இடம் தேடிக்கொண்டு இறங்குவதுபோல இறங்கியது. எல்லாரும் அண்ணாந்தார்கள். குளிர்ந்த உலோகக் கூரை முழுவதும், கோடிமுதல் கோடிவரை, துளிகள் தொங்கி மின்னிக்கொண்டிருந்தன. இன்னொன்று விட்டது. பிறகு பத்து. பிறகு எண்ணமுடியாமல்.

அங்கே பிறந்து அங்கேயே வளர்ந்த பிள்ளைகள் பயந்து அம்மாக்களின் காலைக் கட்டிக்கொண்டன. "என்னம்மா இது?" என்றது ஒன்று.

"மழைடா" என்றாள் உச்சிமாகாளி அக்கா. சொல்லிவிட்டுக் குடத்தைக் கீழே வைத்து, முகத்தைத் தூக்கி, நனைந்தபடி நின்றாள்.

மாசானம் தலையில் அடித்துக்கொண்டு காற்றறைக்கு ஓடப்போனான். வடிவு நீல வளையல் குலுங்க அவன் வேட்டி நுனியை எட்டிப் பிடித்தாள்.

"ஓடாதிய. பெய்யட்டும்."

பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். மடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். அதே டப்பாதான். "மதினி, இன்னைக்கி மருந்து தின்னியளா?"

"எட்டி, சபை நடுவுலயா? பொறவு பாப்போம்."

"வாயத் தொறங்க."

செம்பகம் திறந்தாள். வடிவு ஒரு பிடி அரிசியை உள்ளே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே இருந்த பிள்ளை ஓர் உதை விட்டது. அதையும் சேர்த்துச் சிரித்தாள். மழை அவசரமே இல்லாமல் எல்லார்மேலும் இறங்கிக்கொண்டிருந்தது.

செம்பகம் மென்றாள். கசந்தது. நன்றாகக் கசந்தது.